மழையைத் துரத்திய காற்றாடி

உடுமலை,
27.9.1996

அன்பு மகள் பிரத்யுஷாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காரமடை ரங்கநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் உன் தம்பி ஆதர்ஷுக்குக் கல்யாணம் என்று போனில் சொன்னேனல்லவா, அதற்கு ஊரில் ஒருத்தரும் வரமாட்டார்கள் போல ஆகியிருந்தது கண்ணு, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் கோயமுத்தூர் மில்காரர்களெல்லாம் மலையடிவாரத்தில் கரண்ட் எடுக்கிற காற்றாடி நட்டார்களே, அதைப் பார்த்து உன் நைனாவும் நம் மேட்டுக்காட்டில் ஒன்று நட்டார். இப்போது சுற்றுவட்டாரத்தில் மொத்தம் நாற்பதுக்கு மேல் நிற்கிறது. இந்த வருஷம் பார்த்து மழை இல்லை, வருகிற மேகத்தையெல்லாம் காற்றாடிதான் துரத்துகிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மற்ற முதலாளிகள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள், கைக்கு அகப்பட்டவர் உன் நைனா ஒருத்தர்தான். பத்திரிகை வைக்கப் போனால் பக்கத்துக் காட்டு அங்கப்பன், "மழ பேயட்டுமுங்கம்மா, அப்பறம் வாரோமுங்க" என்று கும்பிட்டுச் சொல்கிறார். எல்லா வீட்டிலும் மரியாதையாக மோர் கொடுத்தார்கள், பத்திரிகையை மட்டும் யாரும் தொடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உன் நைனாவிடம் சொன்னால், கரண்ட் எடுக்கிற மிஷின் மேகத்தை என்ன செய்யும் என்று குதித்தார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், மூன்றாம் நாள் போய் நம் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்தார். ஒரு வாரம் ஒரு தூறல் இல்லை, தினமும் "பாத்தியா?" என்று என்னைக் கேட்டு மானத்தை வாங்கினார். எட்டாம் நாள் திரும்ப ஓட்டிவிடக் கிளம்பினார், பாதி வழியில் பிடித்ததே மழை! தொப்பலாக நனைந்து வந்தவருக்கு ஊரே மாலை போட்டது. மற்ற காற்றாடியெல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருந்தன, அதை யார் கேட்டார்கள்?

இப்போது மொத்த ஊரும் கல்யாணத்துக்கு வருகிறது. ஆனால் பந்தலுக்குத் தகரம் போடலாம் என்றால் அங்கப்பன் சிரிக்கிறார். "ஓலையே போதுமுங்க, அன்னிக்கு அய்யா காத்தாடிய ஓட்டியுட்டா ஒரு சொட்டு உழுகாதுங்க" என்கிறார். ஐப்பசியில் காற்று ஏது, இறக்கை அசைவது ஏது! மாலை போட்டவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று உன் நைனா மீசையை நீவிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிட்டார், வானம் கொஞ்சம் கறுத்தாலே வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்க்கிறார். எனக்கு அந்தக் கவலை இல்லை அம்மணி. மழை கொட்டினால் கொட்டட்டும், எல்லோரும் வந்து நின்று நனையட்டும், ஆளில்லாத பந்தல் காய்ந்து கிடந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை. ரங்கநாதர் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருப்பார். பத்து நாள் முன்னாலேயே வந்துவிடு. வரும்போது அங்கே விற்கிற மடக்குக் குடை எத்தனை முடியுமோ அத்தனை வாங்கி வரச் சொல்லி நைனாதான் எழுதச் சொன்னார். பெட்டிக்கு அடியில் புடவைக்குள் சுற்றி வை, அங்கப்பன் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாதாம்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா வெங்கடலட்சுமி