இரட்டைப்படை அத்தியாயங்கள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம்தானே? பள்ளிக்கூட ஆபீஸில் அட்மிஷன் வேலை ஆரம்பித்திருக்கும், உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஆனாலும் இதை உடனே எழுதியாக வேண்டும். நாவல் விஷயத்தைப் போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், கடிதத்தில்தான் பேச வேண்டும் என்பது நம் ஒப்பந்தம் அல்லவா?

பதிப்பாளர் நேற்று கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். நான் ஓர் அம்மாவுக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கலெக்டரும் டாக்டரும் போதும்மா. இப்பப் பொண்ணுங்க றெக்கை வச்ச ஆளத்தான் கேக்குறாங்க. காதல் இருக்கட்டும், கூடவே மந்திரம், சாபம், மாய உலகம் எல்லாம் வேணும்" என்றார். குடும்பக் காதல் கதைகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வருகின்றனவாம். இது ஓடவில்லையென்றால் நம் புனைபெயரை மூட்டை கட்டிவிடுவார் போலிருக்கிறது.

அதனால் கதை இதுதான். மேகத்துக்கு மேலே ஒரு நாடு. அதன் ராஜா சாபத்தால் பறவையாகி வருஷக்கணக்கில் எங்கெங்கோ திரிகிறான். கீழே கண்ணாடி வில்லை தேய்க்கும் ஒரு பெண். அவள் தேய்த்த வில்லை வழியாகப் பார்த்தால்தான் அவன் மனிதனாவான். என் கடையைத் தாண்டி என் கற்பனை எங்கே போகும், சொல்லுங்கள்.

வேலைப் பங்கு வழக்கம்போல. ஒற்றைப்படை அத்தியாயங்கள் கதாநாயகியின் பக்கத்திலிருந்து, நீங்கள். இரட்டைப்படை கதாநாயகனின் பக்கத்திலிருந்து, நான். முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள்.

உங்கள்,
வாலு


மார்ச் 11

அன்புள்ள வாலுவுக்கு,

முதல் அத்தியாயம் இதோடு இருக்கிறது. இதுவரை நம் கதாநாயகிகள் எல்லோரும் வாடகை வீட்டில் இருந்தார்கள், பஸ்ஸைத் தவறவிட்டார்கள், கேஸ் தீர்ந்துபோய் விழித்தார்கள். திடீரென்று மந்திரம் என்றால் எனக்குக் கை வரவில்லை. இந்தப் பெண் தன் பட்டறைக்கு வாடகை கொடுப்பதாக ஒரு வரி எழுதிவிட்டேன். அதை அடித்துவிடாதே. அது இருந்தால்தான் எனக்கு அடுத்த வரி வருகிறது.

கடைசியில் அவள் வில்லையைக் கண்ணில் வைக்கிறாள். எதிரே அவன். அங்கேயே நிறுத்திவிட்டேன். அவன் வாயைத் திறந்து என்ன சொல்கிறான் என்பது உன் பாடு. சீக்கிரம் அனுப்பு. உன் கவர் வரும் நாளில் நான் மதியச் சாப்பாட்டைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ராஜா வாயைத் திறந்துவிட்டான். "தேவி, ஏழு கடல்களின் மௌனத்தையும் உன் விழிகளில் கேட்டேன்" என்கிறான். எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பதிப்பாளருக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

பறக்கும் குதிரை ஒன்றும் சேர்த்திருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு


மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

படித்தேன். சில சந்தேகங்கள்.

குதிரை பறக்கிறது, சரி. எங்கே மேய்கிறது? மேகத்துக்கு மேலே இருக்கும் நாட்டுக்கு மழை எங்கிருந்து வரும்? பறவையாக இருந்தவன் மனிதனானதும் பட்டு அங்கியோடு நிற்கிறான் என்கிறாய். தைத்தது யார்? அவசரத்தில் எழுதியதுபோல் இருக்கிறது.

மூன்றாம் அத்தியாயம் இன்னும் தொடங்கவில்லை. ஆபீஸில் வேலை அதிகம்.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

குதிரையை அவிழ்த்து விட்டுவிட்டேன். மழைக்குப் பதில் பனி. அங்கிக்குப் பதில் பட்டறையில் கிடந்த ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறான். நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதித் திருத்திய பிரதி இதோ.

இத்தனை வருஷத்தில் என் அத்தியாயத்தில் நீங்கள் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொன்னதில்லை. இப்போது புல்லுக்கும் பூண்டுக்கும் கணக்குக் கேட்கிறீர்கள். கோபம் இல்லை, புரியவில்லை. மூன்றாம் அத்தியாயம் எப்போது வரும்? பதிப்பாளர் என் உயிரை எடுக்கிறார்.

வாலு


ஏப்ரல் 15

வாலு,

திருத்தியதையும் படித்தேன். எனக்கு இது ஒத்து வராது. நான் விலகிக்கொள்கிறேன். நம் புனைபெயரை நீயே வைத்துக்கொள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் அத்தியாயத்தை அப்படியே எடுத்துக்கொள், அல்லது தூக்கிப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். அதற்கப்புறம் ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் வாசலில் பிடித்துத் திருத்தினேன்.

புனைபெயரை வைத்துக்கொள் என்கிறீர்கள். வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குக் கதாநாயகி எழுத வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் போன பிறகு நமக்கு நடுவில் இந்த நாவல்கள்தான் இருக்கின்றன. இதுவும் நின்றால் நீங்கள் எனக்கு யாரோ ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் அம்மா, நான் உங்களுக்கு யாரோ ஒரு கண்ணாடிக் கடைக்காரி. நான் பயப்படுவது அதற்குத்தான், பதிப்பாளருக்கு இல்லை.

நான் என்ன தப்பு செய்தேன் என்றாவது சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு


ஏப்ரல் 27

அன்புள்ள வாலுவுக்கு,

நீ தப்பு எதுவும் செய்யவில்லை. குதிரையும் மேகமும் சாக்கு. உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன்.

நம் கதாநாயகன் டாக்டராகட்டும், கலெக்டராகட்டும், அவன் பேசியதெல்லாம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பேச்சு. உன் அண்ணன் பேச்சு. நீ அதைத் தெரிந்தேதான் எழுதினாய். போன வருஷ நாவலில் அந்தப் போலீஸ் அதிகாரி வீட்டுக்குள் வந்ததும், "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா, இல்ல இவ்வளவு நேரம் என்னைத் திட்டிட்டு இருந்தியா?" என்று கேட்பான். உன் அண்ணன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பது அது. வாசகர்கள் நம்மை ஒரே பெண் என்று நினைத்து, உங்கள் கணவர் கொடுத்து வைத்தவர் என்று எழுதுவார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவர் போன பிறகு நான் எழுதியது நாவலுக்காக இல்லை. என் அத்தியாயத்தை அனுப்பினால் அவர் பதில் உன் கவரில் வரும். அதைப் பிரிக்கும்போது நான் எழுத்தாளர் இல்லை, அவர் பெண்டாட்டி. இந்தத் தடவை பிரித்தால் யாரோ ஒருவன் என்னை "தேவி" என்கிறான். உன் அண்ணன் என்னை "ஏய், இங்க பாரு" என்று கூப்பிட்டவர்.

ராஜா அவரைப்போல் பேசுவானா? பேசினால் பறக்கட்டும், சாபம் வாங்கட்டும், நான் எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் எழுதுகிறேன். இல்லையென்றால் என்னை விட்டுவிடு.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு வாரமாக முயற்சி செய்தேன். வரவில்லை.

அவனுக்குக் கல்யாணமானபோது நான் காலேஜ் முதல் வருஷம். எனக்குத் தெரிந்தது அதுவரைக்கும் எங்கள் வீட்டில் இருந்தவன். அதற்கப்புறம் வந்து போகும்போது பார்த்ததுதான். என்னிடம் இருந்த அண்ணனை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டேன். கடைசி நாவலில் வங்கி மேனேஜர் பேசியதில் பாதி எங்கள் கடையில் ஃபிரேம் சரி செய்பவர் பேசுவது. அவரும் நல்ல மனிதர்தான், ஆனால் அண்ணன் இல்லை.

மாய உலகக் கதை என்று பதிப்பாளர் சொன்னபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. ராஜா என்றால் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், யாரைப்போலவும் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் ஒவ்வொரு மாதமும் அங்கே இப்படிக் காத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் பார்த்துச் செலவழித்திருப்பேன்.



வாலு


மே 14

அன்புள்ள வாலுவுக்கு,

வங்கி மேனேஜர் விஷயம் அப்போதே தெரியும். ஓரிடத்தில் அவன் மனைவியிடம் "தேங்க்ஸ்" என்றான். உன் அண்ணன் யாருக்கு நன்றி சொன்னார்? டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைப்பார், அதோடு சரி. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ பாடுபட்டது தெரிந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அப்புறம் சிரிப்பும் வந்தது. நம்மைப்போல் முட்டாள்கள் உண்டா? அவரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் பேசியதை எழுதியவள் நீ. நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, அவர் சொன்னதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. உன்னிடம் தீர்ந்துவிட்டது. என்னிடம் அப்படியே இருக்கிறது, நீ கேட்காதது எல்லாம்.

இரண்டாம் அத்தியாயத்தை நானே மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன். போர்வை மட்டும் உன்னுடையது. இனி இரட்டைப்படை எனக்கு, ஒற்றைப்படை உனக்கு. கதாநாயகி எழுத வராது என்றாய், பழகிக்கொள். எனக்கு மந்திரம் பழகவில்லையா?

அன்புடன்,
அண்ணி


மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, கடையிலேயே பிரித்துவிட்டேன். ராஜா வந்ததும் வராததுமாக, வில்லை தேய்க்கும் சக்கரத்தைக் காட்டி, "இந்தச் சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது, உனக்குக் கேக்கலையா? தள்ளு, நான் பாக்குறேன்" என்று போர்வையோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறானே, அங்கே சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண் சோதிக்க வந்தவர் எழுந்துவிட்டார்.

அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே பறக்கும் இடம். "என் தோளைப் புடிச்சுக்கோ. கீழ பாக்காத. நானும் பாக்க மாட்டேன், எனக்கும் பயம்தான்." அண்ணனுக்கு உயரம் பயமா, அண்ணி? பத்தாவது மாடியில் லிஃப்ட் பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவன். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பின்னறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அவன் சொல்லி நான் கேட்காத ஒன்று இனிமேல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

சரி, மூன்றாம் அத்தியாயம். கதாநாயகியாக உட்கார்ந்து பார்த்தேன். அவன் பேச்சுக்கு நான் காதலோடு பதில் சொல்வதாவது. வாய் வருமா எனக்கு? காதல் இரண்டு பக்கமும் உங்களுடையது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நான் ராஜாவுக்கு ஒரு தங்கையைக் கொடுத்துவிட்டேன். இனி ஒற்றைப்படை அத்தியாயங்கள் அவளுக்கு. "லவ் ஸ்டோரியில தங்கச்சி எதுக்கும்மா?" என்று பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். மாய உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வாயை அடைத்துவிட்டேன்.

அவன் காணாமல் போன நாளிலிருந்து அவள் அரண்மனையில் தனியாக இருக்கிறாள். கோபக்காரி. கடைசியில் கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது, அவளே போய்த் திறக்கிறாள். எதிரே அவன், பக்கத்தில் அந்தப் பெண். "எங்கண்ணா போயிருந்த இவ்வளவு நாளா?" என்று கேட்கிறாள். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அதற்கு அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

உங்கள்,
வாலு