பெல்ட் போட்ட காலி சீட்

8/7, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே ஸ்டியரிங் சுடுகிறது. புது கார் வந்து ஆறு நாள். மேனேஜருக்குக் கம்பெனி கொடுத்தது, ஓட்டுவது நான். முப்பத்தொரு வருஷம் இதே எஸ்டேட்டில் ஓட்டியவனுக்கு இப்போது கார் பாடம் நடத்துகிறது.

இதன் லட்சணங்கள், இதுவரை:

- சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே பிடிக்கிறது. பெட்ரோல் மிச்சமாம். நேற்று பாரோய் ரோட்டு டிராபிக் ஜாமில் பதினான்கு தடவை. எண்ணினேன், வேறு வேலை இல்லை.
- அதை நிறுத்த ஒரு பட்டன். தினம் காலையில் மறுபடி அமுக்கணும். நேற்று சொன்னது இன்றைக்கு ஞாபகமில்லை, பேர் மட்டும் ஸ்மார்ட்.
- செம்பனை மரத்து நிழல் ரோட்டில் விழுந்தால் கோடு என்று நினைத்து ஸ்டியரிங்கை இழுக்கிறது.
- கொட்டாவி விட்டால் காப்பிக் கோப்பை படம். வாங்கித் தரப் போகிறதா?
- பெல்ட் இல்லாமல் பத்தடி நகர்ந்தால் கத்தல். தோட்டத்துக்குள் ஐந்து கேட். ஒவ்வொன்றுக்கும் இறங்கி, திறந்து, ஏறி, மாட்டி, மறுபடி கழற்றி.

கடைசியதற்கு மட்டும் மருந்து கிடைத்தது. லுக்குட் டவுன் கடை ஒன்றில் பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஒரு இரும்புத் துண்டு விற்கிறான். கிளிப் என்கிறார்கள். கொக்கியில் சொருகிவிட்டால், பெல்ட் போட்டாச்சு என்று நம்பி கார் வாயை மூடிக்கொள்கிறது. மேனேஜர் ஏறும்போது பெல்ட்டைத் தோளில் சும்மா இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அவருக்குப் போன் பார்க்கவே நேரம் சரி.

வீட்டுக்காரி தேவி சொல்கிறாள், ஆடி பிறப்பதற்குள் காருக்குப் பூஜை போடணும். கம்பெனி கார்தானே என்றால் கேட்கமாட்டாள். அவள் அண்ணன் மணியத்திடம் சொல்லியாச்சு. லுக்குட் டயர் கடையில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் பூஜை செய்யும் பண்டாரம்.

வாங்க: எலுமிச்சை 5, தேங்காய், கற்பூரம், சாம்பிராணி. தேவிக்கு மாத்திரை.

11/7, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலை ஏழு மணி. கோயில் முன்னால் நானும் மச்சானும் மட்டும். சாம்பிராணி காட்ட நாலு கதவையும் திறந்து வைத்திருந்தோம். பொட்டு, ஆரத்தி எல்லாம் ஆச்சு. எலுமிச்சை வைக்க, "கொஞ்சம் முன்னுக்கு எடு" என்றான். எடுத்தேன். "நிப்பாட்டு." பிரேக்கை அமுக்கினேன். இன்ஜின் அணைந்தது.

காலையில் அந்தப் பட்டனை அமுக்க மறந்திருக்கிறேன். என் காதுக்குச் சத்தம் நின்றால் வண்டி நின்றாச்சு, அவ்வளவுதான். கியர் D-யில் இருந்ததைப் பார்க்கவில்லை. தேங்காய் எடுக்க இறங்கினேன்.

பிரேக்கை விட்டதால் இன்ஜின் பிடித்தது. கார் நகர்ந்தது. இடது முன் டயருக்கு எலுமிச்சை வைத்துக்கொண்டு மச்சான் குனிந்திருந்தான். பூஜை, அதனால் வெறுங்கால்.

கத்தவே இல்லை. "மச்சான்... மச்சான்..." என்று ரெண்டு தடவை கூப்பிட்டான், கடைக்குப் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. நான் ஓடி ஏறி ரிவர்ஸ் எடுத்தேன். மறுபடியும் அதே காலின் மேலே ஏறித்தான் டயர் இறங்கியது.

12/7, சனி

சிரம்பான் ஆஸ்பத்திரி. மச்சானுக்குக் கால் விரல் ரெண்டு எடுத்தாச்சு. சர்க்கரை இருப்பதால் மற்றதற்கு உத்தரவாதம் இல்லையாம். தேவி சமைத்தாள், பரிமாறினாள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆபிஸில் எழுதிக் கொடுத்தேன்: "தேங்காய் எடுக்க இறங்கினேன், கார் தானாக நகர்ந்தது." ஆபிஸ் எழுத்து வேலை பார்க்கும் கிராணி செல்வி டைப் அடித்தாள். எழுதியது உண்மை. சனியன் பிடித்த கார்.

14/7, திங்கள்

வானம் மப்பு. மழை வரவில்லை. லுக்குட் காப்பிக் கடையில் இன்றைக்கு நான் பெரிய ஆள். எல்லா டிரைவர்களும் என் பக்கம்.

லாரி முத்து: "நான் அப்பவே சொன்னேன்லா. மனுசன் நிப்பாட்டாத இன்ஜின எவன் நிப்பாட்டுறது?"

பள்ளி வேன் சரசு: "என் மருமகன் காரு, டாஷ்போர்ட் பூரா டிவி. ஏர்கான் கூட்டணும்னா மூணு எடத்துல அமுக்கணும். அதுக்குள்ள வேர்த்து ஊத்திரும்."

முத்து: "அந்த ஆட்டோ ஸ்டாப்புக்கு பேட்டரி வேற தனி. வெல கேட்டியா? மிச்சம் புடிச்ச பெட்ரோல் அதுக்கே பத்தாது."

டாக்சி ஓட்டும் ஒரு பையன் மட்டும், "பிளைண்ட் ஸ்பாட் லைட் என் உயிரக் காப்பாத்திச்சு அண்ணே" என்றான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"கார் மேல கேஸ் போடுண்ணே," என்றாள் சரசு. காப்பிக் காசும் அவளே கொடுத்தாள். நாலு நாளில் முதல் தடவையாகத் தொண்டையில் காப்பி இறங்கியது.

15/7, செவ்வாய்

நாளை சர்வீஸ் சென்டரிலிருந்து ஆள் வருகிறானாம், காரைச் சோதிக்க. கிளிப்பைப் பார்த்தால் வம்பு. கழற்றிக் கால்வாயில் எறிந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும்.

16/7, புதன்

சம்பந்தம் இருக்கிறது.

டெக்னிஷன் சின்ன வயசுப் பையன், லேப்டாப் சொருகிப் பார்த்தான். கார் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறதாம். இன்ஜின் அணைந்த நேரம், பிரேக் விட்ட நேரம், பெல்ட். டிரைவர் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தால் கார் தானாக P-க்குப் போய் நின்றுவிடுமாம். அசையாதாம். "இதுல கதவு முன்னாடியே தொறந்திருக்கு, ஆனா பெல்ட் கழறவே இல்ல அங்கிள். டிரைவர் சீட்லதான் இருந்திருக்காரு. கார்ல ஒரு கோளாறும் இல்ல."

கார் என்னைத் தடுத்திருக்கும். நான்தான் அதன் கண்ணைக் கட்டி வைத்தேன்.

செல்வி என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க எறங்குனதாதானே எழுதுனீங்க?"

மேனேஜரும் பார்த்தார். கிளிப்பைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த கோட்டர்ஸ் வீடும் போகும். "பதட்டத்துல மாத்தி எழுதிட்டேன்," என்றேன். "உள்ளதான் இருந்தேன்."

அப்படியென்றால் உட்கார்ந்துகொண்டே மச்சான் காலில் ஏற்றினேன் என்று ஆகிறது. அதை வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். செல்வி நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடமும் எழுதி வாங்கணுமாம்.

தூக்கம் இல்லை. தேவிக்கு மாத்திரை மறந்தேன்.

18/7, வெள்ளி

நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். டயர் காற்று, கார் கழுவல் என்று சாக்கு. செல்வி போய் வந்த பிறகு இன்றுதான் போனேன்.

மச்சான் கட்டு போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

"நேத்து அந்தப் புள்ள வந்துச்சு," என்றான். "நான் போலாம்னு கை காட்டிட்டு, நெனப்பில்லாம கால உள்ளுக்கு வச்சிட்டேன். என் தப்புதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இந்த நோட்டில் பொய் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. விரல் போனவன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"நான் குனிஞ்சிருந்தேன் மச்சான்," என்றான். "காருக்கு அடியில அந்தப் பக்கம் ஒன்னோட ரெண்டு காலும் தெரிஞ்சிச்சு. நீ உள்ள இல்ல. அப்பறம் அந்தப் புள்ள சொன்ன மாதிரி பெல்ட்டு எப்படிப் போட்டிருந்துச்சு?"

சொன்னேன். கிளிப், ஐந்து கேட், கால்வாய், எல்லாம். அவன் ஆரஞ்சைத் தின்னாமல் கையில் வைத்திருந்தான்.

"அந்தக் கத்தல் அவ்வளவு கஷ்டமா இருந்துச்சா ஒனக்கு?"

உரித்த தோலைப் பொறுக்கினேன்.

"ஆபிஸ்ல நான் போய்ச் சொல்லிடுறேன்," என்றேன். அவன் கேட்கட்டும் என்று சொன்னேனா, செய்வதற்குச் சொன்னேனா, எனக்கே தெரியாது.

"வேணாம். ஒனக்காகப் போடல கையெழுத்து. கோட்டர்ஸ் போச்சுன்னா தங்கச்சி எங்க போவா?" சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாளைக்கு அவள மட்டும் அனுப்பு. நீ வராத."

19/7, சனி

லேசான மழை. தேவி பஸ்ஸில் போனாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளா, இல்லை கார் மேல் உள்ள கோபம்தானா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். கதவருகிலேயே நின்றேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு மாதிரி லேசாகக்கூட இருந்தது.

உட்காரச் சொன்னார். கேஸ் முடிந்தது, உன் மேல் தப்பில்லை என்றார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். கம்பெனியின் புது வண்டிகள் எல்லாவற்றின் கணக்கும் அதில் இருந்தது. போன வாரம் பூரா ஒரு நிமிஷம்கூட பெல்ட் கழற்றாமல் ஓட்டிய டிரைவர் நீ ஒருத்தன்தான், சுப்ரா, என்றார். மற்றவன்களைப் பார், எல்லாம் சிவப்பு. திங்கள் காலை பெரட்டில், வேலைக்கு இறங்குமுன் எல்லோரும் கூடியிருக்கும்போது, பெல்ட்டைப் பற்றி நீதான் அவர்களுக்குப் பேசணும். பத்து நிமிஷம் போதும். முடியுமா?

முடியும் ஐயா என்று மலாயில் சொன்னேன்: "போலே, துவான்."