சொன்னதையே சொல்கிறவள்

என் வாத்தியாரே,

கூடலூரே உங்களை சார் என்றது. நான் மட்டும்தான் கோபத்திலும் கொஞ்சலிலும் வாத்தியாரே என்பேன். வாய்விட்டுப் பேசினால் நம் மகள் தேவயானி பயப்படுகிறாள். அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனசு வரவில்லை.

கருமாதி முடிந்து தேவாரம் ஊரிலிருந்து வந்த சொந்தச் சனம் திரும்பிவிட்டது. டியூஷன் பிள்ளைகள் இப்போது ஜாஸ்பர் வாத்தியாரிடம் போகிறார்கள். பெஞ்சுகளையும் அவரே விலைக்குக் கேட்டார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். பரீட்சை வருகிறதே, பிள்ளைகள் என்ன செய்யும்?

இங்கிலீஷ் கட்டுரையில் ஒரே வார்த்தை மறுபடி வந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவீர்கள். சினேகா அவள் அம்மாவைப் பற்றி எழுதி வந்தாள். வரிக்கு வரி அம்மா. பக்கமெல்லாம் வட்டம். இங்கிலீஷில் இப்படி எழுதினால் படிக்கிறவனுக்குச் சலித்துப்போகும், வேறு வார்த்தை தேடு என்றீர்கள். அழுதுகொண்டே போனது பிள்ளை. சரி, அது உங்கள் தொழில். அந்த வட்டத்தை அடுப்படிக்கும் கொண்டுவந்தீர்களே. உப்பு தீர்ந்துவிட்டது என்று இன்னொரு தடவை சொன்னால் போதும், விரலால் காற்றில் ஒரு வட்டம். நான் படித்தது அஞ்சாவது. இருப்பதே கொஞ்சம் வார்த்தை. அதைத்தானே புழங்க முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வாயு என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று எழுந்து போனீர்கள். பின்னாலேயே வந்து அதையே சொன்னேன். கரும்பலகையைப் பார்த்தபடியே விரலைத் தூக்கி வட்டம் போட்டீர்கள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டு விஜயகுமார் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "மதினி, அண்ணன ஏறச் சொல்லுங்க. லோயர் கேம்ப் சவாரிய விட்டுட்டு வந்திருக்கேன்" என்றான். பாடம் முடியட்டும் என்று அவனைத் திருப்பி அனுப்பினீர்கள். அப்புறமும் சொன்னேன். நீங்கள் விரலைக்கூடத் தூக்கவில்லை.

பாடம் முடியவில்லை. மேசைமேல் சாய்ந்தீர்கள். அதே ஆட்டோவில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். கம்பம் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே உங்கள் கை குளிர்ந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்கள். "ஏம்மா, வலி வந்தப்பவே கிளம்பச் சொல்லலையா?" என்று.

உங்கள் பழைய பிள்ளைகள் கடைத்தெருவில் பேனர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் இங்கிலீஷ். உங்கள் படத்துக்குக் கீழே நீளநீளமாய் நாலு வார்த்தை. பேனர் கட்டிய கார்த்திக்ராஜிடம் அர்த்தம் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "நாலுக்கும் நல்லவருன்னுதான் அர்த்தம் அத்தை. ஒரே வார்த்தைய நாலு தடவ போட்டா சார் வைவாகல்ல?" என்றான். பேனருக்கு முன்னால் நின்று எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

தேவயானிக்கு உங்கள் பிடிவாதம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற இடத்தில் வலியில்லாமல் இருங்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன், இருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மலையம்மாள்

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பதை வேறு எந்த வார்த்தையில் சொல்லியிருந்தால் நீங்கள் எழுந்து வந்திருப்பீர்கள்?