மடியில் வந்த தாழி

குற்றாலம்

அன்புள்ள மாறனுக்கு,

நீங்களும் அத்தையும் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பாப்பா உங்களைப் பேசவே விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பண்பொழிப் பக்கம், எப்போதோ ஆளில்லாமல் போன ஒரு ஊரின் மேட்டைத் தோண்டுகிறோம் என்றேனே, அங்கே என் பொறுப்பில் உள்ள குழியில் ஒரு சின்ன முதுமக்கள் தாழி கிடைத்தது. உள்ளே கைக்குழந்தையின் எலும்புகள். செய்தி பரவி, மேடு இருக்கும் தோப்பின் சொந்தக்காரர் சங்கரம்மாள் ஆட்களோடு வந்து குழியை உடனே மூடச் சொன்னார். பயப்படாதீர்கள், வெறும் சத்தம்தான். நான் குழியை விட்டு ஏறவில்லை.

"மூடினா அடுத்த மழையில தாழி நொறுங்கிடும்மா. பத்திரமா எடுத்து தென்காசிக்குக் கொண்டு போகணும். இங்க முன்னால யார் வாழ்ந்தாங்கன்னு இந்தப் பிள்ளைதான் நமக்குச் சொல்லணும்" என்றேன்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். குரல் தணிந்தது.

"பச்சப்புள்ளைய பெட்டில போட்டு தனியாவா அனுப்புதிய?"

"இல்லம்மா, நானே கூடப் போறேன்."

"அப்பஞ் சரி. மடில வச்சுக்கிடுங்க."

அப்படியே செய்தேன். தென்காசியில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடம் வரை ஜீப் குலுங்கியும் தாழியில் ஒரு கீறல் விழவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத்தான் அதை இறக்கிக் கொடுக்க மனம் வரவில்லை.

பாப்பாவுக்கு இங்கே பாவாடை தைக்கக் கொடுக்கப்போகிறேன். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நூல் பிடித்து, அந்த நூலையே உறையில் வைத்து அனுப்புங்கள். அளவை எழுதினால் போதாது, நூல் வேண்டும். ஜீப் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

சுகந்தி