நவாபின் வயிற்றில் விழுந்த முடிச்சு

என் அன்பு மச்சானுக்கு,

கபுறடியில் நின்று சொல்லும் ஸலாத்தை இன்று கடிதத்தில் சொல்கிறேன். உயிரோடு இருந்த காலத்திலேயே என் கடிதங்களுக்கு நீங்கள் பதில் போட்டதில்லை. ஆகவே இப்போதும் மனத்தாங்கல் இல்லை.

முதலில் வீட்டுப் புதினம். ராத்தா சுகம், உங்களுக்காக இத்தா இருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறா. உங்கள் சைக்கிளை நான்தான் ஓட்டுகிறேன். அதன் பிரேக்கும் உங்களைப் போலத்தான், யார் சொல்லையும் கேட்பதில்லை. நேற்று உங்கள் நாற்பதாம் நாள் கத்தம். ஓதிச் சாப்பிட்டு முடிந்ததும் வழக்கம்போல என்னிடம் குதிரைக் கதை கேட்டார்கள். பத்து வருடமாகச் சொல்லிவரும் கதை. அதில் வரும் மடையன் நீங்கள். நேற்று மட்டும் எனக்கு வாய் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். மருதமுனையில் நெசவுக் குடும்பமான எங்கள் வீட்டில் என் ராத்தாவைக் கட்டி வந்தவர் நீங்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குதிரையையும் வாங்கி வந்து நவாப் என்று பெயர் வைத்தீர்கள். சாய்ந்தமருது வரைக்கும் எத்தனையோ மாப்பிள்ளைமாரைப் பெண்வீடு சேர்த்த முதுகு அது.

அதன் வால் மயிருக்கு ஊரில் தனிக் கிராக்கி. பாலுண்ணியைக் குதிரை மயிரால் இறுக்கிக் கட்டினால் உதிர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. கட்டிவிடுகிறவன் நான். தறியில் அறுந்த நூலைப் பொருத்தும் நெசவாளர் முடிச்சை மயிரில் போடுவேன். தறியில் என் வேலையைப் பார்த்து யாரும் மெச்சியதில்லை. ஊராரின் மூக்கிலும் விரலிலும்தான் என் தொழில் ஓங்கியது. எத்தனை தரம் காட்டித் தந்தும் அந்த முடிச்சு உங்கள் கைக்கு மட்டும் வரவேயில்லை.

சூறாவளி குதிரைக் கொட்டிலின் கூரையைக் கொண்டுபோனது. நவாபை மாடுகளோடு கட்டினீர்கள். சில மாதத்தில் அதன் வயிற்றில், சேணத்து வார் இறுகும் இடத்தில், சுண்டங்காய் அளவில் ஒரு பாலுண்ணி வந்தது. உங்கள் மகள் நஸீமாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்த நேரம். "என்ட மருமகன் என்ட குதிரையிலதான் வருவார்" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

நீங்கள் வயலுக்குப் போன ஒரு நாள், நவாபின் வாலிலேயே ஒரு மயிரைப் பிடுங்கி அதன் பாலுண்ணியைக் கட்டினேன். நல்லதென்று நினைத்துத்தான், மச்சான். ஐந்தாம் நாள் அந்த இடம் சுத்தமாக இருந்தது. கல்யாணத்தன்று சொல்லிப் பெருமையடிக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியது அந்த ஒரு தரம்தான்.

மாதம் ஒன்று போகுமுன் அதே இடத்தில் தேசிக்காய் அளவில் கட்டி எழும்பியது. பச்சை இறைச்சிபோலப் பிளந்து ஈ மொய்த்தது. ஊர் சும்மா இருக்குமா? "ஊராக்கள்ர பாலுண்ணியெல்லாம் குதிரைக்குப் போய்த்து" என்றார்கள். சிலர் குஷ்டம் என்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சாய்ந்தமருதிலிருந்து வந்து பார்த்தார். "நோய்க் குதிரையில எங்கட புள்ளைய ஏத்த ஏலா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

பாண்டிருப்பிலிருந்து மாட்டு டொக்டரைக் கூட்டிவந்தோம். அவர் கட்டியைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு குதிரையை விட்டுவிட்டு மாடுகளிடம் போய்ச் சிவலைக் கன்றின் கழுத்தைத் திருப்பினார். அங்கே கொத்தாகப் பாலுண்ணிகள்.

"நானா, ஆள் இஞ்ச இருக்கு" என்று உங்களை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார். "இது ஒரு வைரஸ். மாட்டுக்குப் பாலுண்ணியா வந்து தன்ர பாட்டில விழுந்திரும். ஈ கொண்டுபோய்க் குதிரைத் தோலில வைச்சா இப்பிடிக் கட்டியாகும் எண்டுதான் படிச்சிருக்கிறன்."

"குஷ்டம் இல்லையா டொக்டர்?" என்று கேட்டீர்கள்.

"இல்ல. உங்களுக்கும் தொத்தாது, மாப்பிள்ளைக்கும் தொத்தாது."

ஒரு துண்டு வெட்டிப் பேராதனைக்கு அனுப்பினால் நிச்சயமாகத் தெரியும், ஆனால் கத்தி பட்டால் இன்னும் மூர்க்கமாக வளரும் என்றார். அதனால் கண்ணை நம்பியே முடிவு சொன்னார். கட்டியின் அடியை விரலால் தடவிப் பார்த்தபோது அவர் முகம் மாறியது.

"சின்னனா இருக்கக்க சும்மா விட்டிருந்தா இவ்வளவுக்கு வந்திராது. ஆர் இதில கை வைச்சது?"

நான் தறிக்குழியைவிட ஆழமான குழி ஏதும் உண்டா என்று பார்த்தேன்.

"நான்தான் டொக்டர்" என்றீர்கள் நீங்கள்.

நீங்களும் எனக்குத் தெரியாமல் ஏதோ எண்ணெய் பூசியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோழைக்கு அது போதும்.

டொக்டர் சொன்னதை மாப்பிள்ளை வீட்டார் நம்பவில்லை. மாப்பிள்ளை காரில் வந்தார். நீங்கள் புதுச் சாரம் உடுத்துக் கொட்டிலில் நின்று துவாயால் ஈ விரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"உள்ளுக்க வாங்க மச்சான், கல்யாணக் காவின் எழுதப் போறாங்க."

"இந்தா வாறன். இது தனிய நிக்கிதுடா."

அதன் பிறகு நவாப் மேல் சேணம் ஏறவில்லை. அது கண்மூடி மௌத்தாகும் வரை இரண்டு வருடம், அதே துவாயும் நீங்களும். அதை நான் கதையாக்கினேன்: தன் குதிரைக்குத் தானே வைத்தியம் பார்த்துக் கெடுத்த மச்சான். சந்தையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

உங்களை அடக்கும் முன் ஜனாஸாவில் உங்கள் மகன் எழுந்து, "வாப்பாவால யாருக்கும் மனம் நொந்திருந்தா மன்னிச்சிருங்க" என்றான். எல்லோரையும்விடச் சத்தமாக "மன்னிச்சிட்டம்" என்றவன் நான்.

நேற்று கத்தம் ஓதுமுன் நஸீமா ஒரு தீப்பெட்டியோடு வந்தாள். "மாமா, வாப்பாட உடுப்புக்குள்ள கிடந்த. இது என்ன?" உள்ளே கறுத்துக் காய்ந்த ஒரு சுண்டங்காய். அதைச் சுற்றி ஒரு வெள்ளை மயிர். மயிரில் நெசவாளர் முடிச்சு, போட்டபடியே இறுகிக் கிடந்தது.

வைக்கோலைக் கூட்டும்போது கண்டெடுத்திருப்பீர்கள். அப்படியென்றால் டொக்டர் கேட்டபோதே உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? ராத்தாவின் தம்பி தலைகுனியக் கூடாதென்றா? நான் சந்தையில் கதை சொல்ல, பக்கத்தில் நின்று சிரித்தீர்களே, அப்போது உங்களுக்கு எங்கே நொந்தது?

தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதுக்குப் போய் முதலில் அந்தப் பெரியப்பாவிடம் காட்டுவேன். பிறகு சந்தையில். பிறகு உங்கள் பேரப்பிள்ளைகளிடம். கதை அதேதான் மச்சான்: அதே குதிரை, அதே டொக்டர், அதே ஈ. மடையனை மட்டும் மாற்றிச் சொல்வேன். என் மௌத்து வரைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
முடிச்சுப் போட்ட கைக்காரன்,
உங்கள் மச்சான்