காளி கழுத்தில் ஒரு தலை

ஏனுங்க,

உங்களை டோலியில் வைத்துச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு மலையிறக்கியதிலிருந்து, நீங்கள் செய்த காளி சிலையைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். அவள் கழுத்தில் தொங்கும் வெட்டுத் தலைகளுக்கு நம் ஊர்க்காரர்களின் முகங்களையே வைத்தீர்களே, அடிக்க வருவார்கள் என்று பயந்தேன். வந்தவர்கள் அவரவர் தலையைத்தான் தேடுகிறார்கள்.

பல் போன ராக்கம்மாள், தன் தலைக்கு நீங்கள் பல் வைத்திருப்பதைக் கண்டு பூரித்துப் போனாள். ஊர்க்கவுண்டருக்கு மட்டும் ஒரு குறை. "வெட்டுன தலைன்னாலும் மீசை முறுக்கா இருக்கோணுமுங்க" என்றார். ஈர மண் வைத்து முறுக்கிவிட்டேன்.

சாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரிக்க, நம் அரியூர் நாட்டு மலையூர்களில் உங்களைப் போல இன்னொரு ஆள் இல்லை. வெட்டுத் தலைக்கு எதற்குத் திறந்த கண் என்று கேட்டேன். "செத்தவனும் காளி நோம்பி பாக்கட்டும் புள்ள" என்றீர்கள்.

சேலத்து டாக்டர் எழுதியது வந்தது. அது கிடக்கட்டும்.

கடைசித் தலையை முகமில்லாமல் விட்டுவிட்டு, "இது எனக்கு" என்று இருமலோடு சிரித்தீர்கள். திருவிழா நெருங்குகிறது என்று பூசாரி அவசரப்படுத்தியதால் அதை நானே செய்தேன். உங்கள் கோணல் சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது. பார்த்ததும் பூசாரியே சிரித்துவிட்டார்.

கண்ணை மட்டும் நான் திறக்கவில்லை. அந்த இடம் காய்ந்துவிடாமல் தினமும் ஈரத்துணி சுற்றி வைக்கிறேன். நீங்கள் வந்து திறங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு மண் பிசைந்து கொடுப்பவள்