தாய்வீட்டுப் புள்ளி

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

என் தென்றலுக்கு,

இன்று காலை எழுந்ததும், வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல், கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு பச்சைப் புள்ளியை அழித்தேன். அந்தப் புள்ளி நீதான். பதறாதே, கடைசிவரை படி.

போனில் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். நீ எப்போது பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். ‘சாப்பிட்டியா’ என்று நான் கேட்டால் நீ வாயைத் திறப்பதற்குள், ‘ரெண்டு இட்லி, ஒரு முட்டை, இப்பதான் மாதுளை ஜூஸ் குடுத்தேன்’ என்று சம்பந்தியம்மாவிடமிருந்து பதில் வந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு அம்மா கேட்பதற்கு என்ன இருக்கிறது? ‘சரி, சந்தோஷம்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பௌர்ணமிக் கூட்டம் போய் ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. நம் வாசலில் கிடந்த தண்ணீர் பாட்டில்களை மட்டும் சாக்கில் அள்ளினேன். பின் அறைக்கு வெள்ளையடித்து, குரங்கு வராமல் ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டேன் என்று சொன்னேன் அல்லவா? போன வாரம் உன் அப்பா அந்த அறையில் அரிசி மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ‘காலியாதானே கெடக்குது’ என்றார். அந்த வார்த்தைக்காக ஒரு நாள் முழுவதும் அவரோடு பேசவில்லை. மூட்டை மறுபடி சமையலறைக்கு வந்துவிட்டது.

என் வேலை பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்களை ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கிறோம். ஒரு பெண்ணுக்கு ஒரு புள்ளி. நலமாக இருந்தால் பச்சை, ரத்தம் கம்மியாக இருந்தால் மஞ்சள், கொதிப்பு மாதிரி ஆபத்து இருந்தால் சிவப்பு. எங்கள் நர்ஸ்கள் ஒவ்வொருவரின் டேப்லெட்டிலும் அவரவர் ஊர்ப் புள்ளிகள் மட்டும் தெரியும். அதைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போவார்கள். வேங்கிக்கால் அலுவலகத்தில் உட்கார்ந்து மொத்த வரைபடத்தையும் பார்ப்பது நான்.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. புருஷன் வீட்டு முகவரியில்தான் பெண்ணைப் பதிவு செய்வோம். ஏழாம் மாதம் வளைகாப்பு ஆனதும் அவள் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். மருந்தை எடுத்துக்கொண்டு போகிற நர்ஸ், ‘அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டாளே’ என்ற பதிலோடு திரும்புவாள். அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். பதிவின்போதே தாய்வீட்டு இடத்தையும் வாங்கிக்கொள்வோம், ஏற்கெனவே பதிந்தவர்களிடமும் கேட்டுக்கொள்வோம், ஏழு மாதம் முடிந்தவுடன் புள்ளி தானாக அங்கே நகரட்டும் என்று. எங்கள் திட்ட அலுவலர் எல்லோர் முன்னாலும், ‘பத்து இன்ஜினியர் உக்காந்து யோசிச்சும் வராதது மேடத்துக்கு வந்துச்சு பாருங்க’ என்று பாராட்டினார்.

அந்த யோசனை எனக்கு எப்போது வந்தது தெரியுமா? உன் வளைகாப்பு முடிந்து புனேயிலிருந்து திரும்பிய வாரத்தில்.

திரும்பி வர நான் மூன்று டிக்கெட் எடுத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வளையல் போட்டு, சித்ரான்னம் கட்டி, பெண்ணை அழைத்துக்கொண்டு வருவதுதானே வழக்கம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நீ எல்லோர் முன்னாலும், ‘அத்தை லேபர் வார்டுல வேலை பாத்தவங்கம்மா, எனக்கு இங்கதான் தைரியம்’ என்றாய். நான் சிரித்தேன். போட்டோவில்கூட சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பெரிதாக்கிப் பார். அந்தப் போட்டோவில் சம்பந்தியம்மா ஜோதியம்மாள் அவர்களின் கை உன் வயிற்றின்மேல் இருக்கிறது. என் கை தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரயிலில் மூன்றாவது படுக்கையில் உன் அப்பா பையை வைத்தார். குண்டக்கல்லில் ஏறிய ஒருவர் ‘இது காலியா சார்’ என்று கேட்டபோது, ‘இல்ல, ஆள் வருது’ என்று சொன்னது நான்.

அதன்பிறகு தினமும் காலையில் அலுவலகம் போனதும் வரைபடத்தைத் திறந்து, எந்தெந்தப் புள்ளி தாய்வீட்டுக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. ஒரு புள்ளி ஏரியைத் தாண்டி வந்திருக்கும். இன்னொன்று ரயில் பாதையைத் தாண்டியிருக்கும். முகம் தெரியாத அந்த அம்மாக்களை நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு அவள் வீட்டில் மீன் வாங்கியிருப்பாள், மகள் தலையில் எண்ணெய் வைத்திருப்பாள். நல்லா இருக்கட்டும் என்று நினைக்க வேண்டிய இடத்தில், இவளுக்கு மட்டும் எப்படி என்று நினைத்தேன். படித்தவள், நாலு பேருக்கு யோசனை சொல்கிறவள், இப்படித்தான் நினைத்தேன்.

மெஹ்ஜபீனை உனக்குத் தெரியும், என்னோடு வேலை செய்கிற நர்ஸ். அவள் மகளும் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே, ‘ஒரே ரோதனைக்கா! வெக்கறது ஒண்ணும் புடிக்கலயாம் அவளுக்கு. பிரியாணி செஞ்சா ரசம் கேக்கறா, ரசம் வெச்சா வாந்தி வருதுன்றா. எப்படா பெத்துக்கினு போவான்னு இருக்குது’ என்று ஆரம்பிப்பாள். அவளுடைய சந்தோஷத்தின்மேல் பொறாமைப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அவளுடைய ரோதனையின்மேல் பொறாமைப்பட்டேன். ஒரு நாள் தாங்காமல், ‘உனக்கு ஜாஸ்தியா கெடைச்சிருக்குது மெஹ்ஜபீன், அதான் பேசற’ என்று சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து மகள் பேச்சை என் முன்னால் எடுப்பதில்லை.

அன்று சாயங்காலம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சோதனைக்கென்று பொய்ப் பதிவு போட்டுப் பார்க்க எங்களுக்கு வசதி உண்டு, நர்ஸ்களின் டேப்லெட்டில் அது தெரியாது. அதில் உன் பெயரைப் போட்டேன். தாய்வீடு என்ற இடத்தில் நம் வீட்டைக் குறித்தேன். ஏழு மாதம் முடிந்துவிட்டதால் நீ உடனே வந்துவிட்டாய். மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பச்சையாக. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தினமும் பார்த்தேன்.

இப்போது மலர்க்கொடி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப்படாதே, தாயும் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள். கல்லேரிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், மஞ்சள் புள்ளி. ஏழு மாதம் முடிந்ததும் அவள் புள்ளி தாய்வீட்டு ஊருக்கு நகர்ந்தது. அது மெஹ்ஜபீன் பார்க்கிற ஊர். அவள் போய்க் கேட்டபோது மலர்க்கொடியின் அண்ணி, ‘இங்க வரலியேம்மா’ என்றாளாம். வீட்டில் இல்லை என்று மெஹ்ஜபீன் பதிந்தாள். அடுத்த முறை போனபோதும் அதே பதில். அந்தப் பதிவுகள் இரண்டும் என் பார்வைக்கு வந்தன. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வருவாள், எங்கே போய்விடுவாள், அம்மா வீட்டுக்கு வராமலா இருப்பாள் என்று நினைத்தேன். புள்ளியைத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே விட்டேன்.

அவளுக்கு அம்மா இல்லை. கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். மலர்க்கொடி புருஷன் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் கல்லேரிப்பட்டு நர்ஸின் டேப்லெட்டிலிருந்து அவள் புள்ளி போய்விட்டதால் அந்த நர்ஸ் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. கொதிப்பு ஏறியது ஒருவருக்கும் தெரியவில்லை. பௌர்ணமிக்கு முதல் நாள் அவளுக்குக் கண் மங்கி, தலை வெடிக்கிற மாதிரி வலி வந்திருக்கிறது. காலில் மெட்டி சதைக்குள் புதைந்துகிடந்ததைப் பார்த்துவிட்டு மாமியார் பச்சையம்மாள் ஒரு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராதபோது இறங்கி முன்னால் ஓடி, கத்திக் கத்தி வழி விலக்கினாளாம்.

விஷயம் தெரிந்ததும் நானும் மெஹ்ஜபீனும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மலர்க்கொடியின் கால் பச்சையம்மாளின் மடியில் இருந்தது. வெட்டியெடுத்த மெட்டியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். நாங்கள் யார் என்று சொன்னதும், ‘ஓ, நீங்கதானா அது? எங்க வூட்ல படுத்துனு இருக்கிற பொண்ண அந்த ஊர்ல போயி தேடனவங்க? செத்துப்போன பொம்பள வூட்டுக்கு இவளை அனுப்பி வெச்சீங்களாமே, கம்ப்யூட்டர்ல?’ என்று கேட்டாள். மெஹ்ஜபீன் தலையைக் குனிந்துகொண்டாள். நான், ‘தாய்வீடு எதுன்னு கேட்டப்போ ஊர் பேரச் சொல்லியிருக்காங்க’ என்று ஆரம்பித்தேன். ‘எதுன்னு கேட்டா சொல்லத்தான் செய்வா. போவியான்னு கேட்டீங்களா?’ என்றாள் அவள்.

மலர்க்கொடிதான் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டாள். ‘அவங்க அப்டித்தாங்க, எப்பவும் திட்டுவாங்க. ஆனா சோறு போட்டுட்டுதான் திட்டுவாங்க’ என்றாள். ‘ஆமா, வெறும் வயித்துல திட்டுனா உனக்கு ஏறாது’ என்று பச்சையம்மாள் மறுபடி காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி என்று எழுத ஆசைதான். வந்தது அதுவல்ல. அந்தக் கால் அந்த மடியில் அவ்வளவு உரிமையோடு கிடந்தது. பெற்றவள் இல்லாமலே அந்த இடம் நிறைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உன் கால் புனேயில் யார் மடியில் இருக்கும் என்று தோன்றியது. பிறகுதான் பயம் வந்தது. நான் பட்ட பொறாமையை ஒரு விதியாக்கி, ஊரிலுள்ள பெண்கள் எல்லோரையும் அவர்களைக் கேட்காமலே அம்மா வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் ஒருத்தி செத்திருப்பாள்.

நேற்று அலுவலரிடம் நடந்ததைச் சொன்னேன். வீட்டில் இல்லை என்ற பதிவைப் பார்த்தும் விட்டது நான் என்பதையும் சொன்னேன். புள்ளி இனித் தானாக நகராது. ஒவ்வொரு முறை போகும்போதும், ‘நீ எங்க இருக்கப் போற?’ என்று அந்தப் பெண்ணையே கேட்டுத்தான் நகர்த்த வேண்டும். வெளியே வந்தபோது மெஹ்ஜபீன், ‘என் பொண்ணையும் நான் கேக்கலக்கா, இழுத்துனு வந்துட்டேன். அதான் ரசமும் புடிக்கல போல’ என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

அதனால்தான் இன்று காலை உன்னை அழித்தேன். நீ பதில் சொல்லி இரண்டு மாதமாகிறது. ‘எனக்கு இங்கதான் தைரியம்’ என்று நீ சொன்னதை இன்றைக்குத்தான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அலுவலகத்தில் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால், ‘பொண்ணு குடுத்த வூட்ல போயி டேரா போடறதா? நாலு பேர் என்னா பேசுவாங்க?’ என்பார். பேசட்டும். உன் பிரசவத்துக்கு நான் அங்கே வருகிறேன். ஒரு டிக்கெட்தான் எடுக்கப் போகிறேன். ஜோதியம்மாள் அவர்களின் சமையலறையில், எந்தப் பாத்திரம் எதற்கு என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பொறாமை தீர்ந்துபோய் வருகிறேன் என்று நினைக்காதே, அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வருவேன். அவர்கள் உனக்கு ஒரு கால் பிடித்துவிட்டால் இன்னொரு காலை எனக்கு விடச் சொல்.

எங்கள் வரைபடம் இந்த மாவட்டத்தோடு முடிந்துவிடுகிறது. உன்னை வைத்துப் பார்க்க அதில் இடமில்லை, நான்தான் நகர வேண்டும். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை என்னோடு பேசு. அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்வேன்.

உனக்கும் உள்ளே இருக்கிற உயிருக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. இருக்கிற இடத்திலேயே நன்றாக இரு, கண்ணு.

உன் அம்மா,
கஸ்தூரி